பஞ்சாரத்துக்குள் யாரை வைப்பது?

கோழி என்றால் சாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நாய் கடிக்கும், பூனை பிறாண்டும், மாடு முட்டும். கோழி என்ன செய்துவிடப் போகிறது? காலையில் கதவைத் திறந்தால் ஓடி வரும், போட்டதைத் தின்னும், முட்டை இடும், பொழுது சாய்ந்தால் அடையும். 2023 ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, ஒரு கோழி இன்னொரு கோழியின் முதுகில் ஏறி நின்று, மண்டையில் ரத்தம் வழிய வழிய நிதானமாகக் கொத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த நிதானம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோபத்தில் அடிப்பதுபோல இல்லை. தரையில் கம்பு பொறுக்குவதுபோலக் கொத்தினாள்.

கொத்தியது என் கோழி. கொத்து வாங்கியது என் மாமியாரின் கோழி.

இதைப் படித்ததும் உங்களில் பாதிப்பேர் சிரித்திருப்பீர்கள். பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான் சிரித்தார். "மாமியா மருமக சண்டைய ஒங்க வீட்ல கோழிக போடுதாக்கும்!" அப்படி இல்லை. எனக்கும் அத்தைக்கும் சண்டையே வந்ததில்லை. வந்திருந்தால் ஒரு கோழி பிழைத்திருக்கும்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல்லை ஒட்டிய பகுதியில். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்குத் திருப்பூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை பஸ் பிடித்துவிடுவார். வாரம் முழுக்க நானும் மகளும்தான். 2022 சித்திரையில் அவள் நச்சரிப்பு தாங்காமல் மூன்று மாத வயதில் நாலு பெட்டைக் கோழிகளை வாங்கினோம். சேவல் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நாலு மணிக்கே கூவி எழுப்பினால் தெருவே என்னைத் திட்டும். (சேவல் ஒன்று இருந்தால் பெட்டைகளின் சண்டைக்கு நடுவே புகுந்து பெரும்பாலும் விலக்கிவிட்டுவிடும் என்பது பின்னால்தான் தெரிந்தது.)

கருப்பி, மைனா, சாம்பல், ஜூலி. பெயரெல்லாம் மகள் வைத்தது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தை ஒட்டி ஒரு சின்னக் கூண்டும், அதன் முன்னால் எட்டுக்கு ஆறு அடியில் கம்பி வலை அடைப்பும் போட்டுக் கொடுத்தார் கணவர். தெருநாய்த் தொல்லை, அதனால் அடைப்புக்குள்ளேயேதான் வளர்ந்தார்கள். நாலு பேரும் ஒரே வயது, ஒன்றாகவே வளர்ந்தவர்கள். சண்டை என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கருப்பி முதலில் தின்பாள், மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அது ஏதோ மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். முட்டையிலும் கருப்பிதான் முந்திக்கொள்வாள். என்னைப் பார்த்தால் ஓடிவந்து சேலை முந்தானையைக் கொத்தி இழுப்பாள். எனக்கு அவள்மேல் ஒரு தனிப் பிரியம் இருந்தது. இந்தக் கதையில் அது முக்கியம் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாமனார் அடுத்த வருஷம் வைகாசியில் தவறிப்போனார். நத்தம் பக்கம் கிராமம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அத்தையைத் தனியாக விட முடியாது என்று கணவரும் நாத்தனாரும் பேசி முடிவு செய்தார்கள். அத்தையிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை, நானும் கேட்கவில்லை. ஆடுகளை விற்றாயிற்று. மாட்டை ஒரு பங்காளி வீட்டில் கட்டியாயிற்று. கோழிகளில் பலதையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, மூன்றை மட்டும் தரமாட்டேன் என்று நின்றுவிட்டார். லோடு ஆட்டோவில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், மாமனாரின் கட்டில், ஒரு பஞ்சாரம், அதற்குள் மூன்று கோழிகள். அத்தை அந்தப் பஞ்சாரத்தைப் பிடித்தபடியே பின்னால் உட்கார்ந்து வந்தார்.

செவலை, புள்ளி, கெழவி. கெழவிக்கு ஐந்து வயதுக்கு மேல். முட்டை எப்போதோ நின்றுவிட்டது. "அவுக கையால தீனி தின்ன கோழி" என்று மட்டும் சொன்னார். 'அவுக' என்றால் மாமனார்.

வந்து சேர இருட்டிவிட்டது. மூன்றையும் எங்கள் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். ஏழு கோழி, ஒரு கூண்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. கிராமத்தில் அவர் கோழிகளை அடைத்து வளர்த்ததில்லை. காலையில் திறந்துவிட்டால் களத்துமேடு, வைக்கோல்போர், குப்பைமேடு என்று பரந்துபோய்விடும். ஒன்று துரத்தினால் இன்னொன்று ஓடிப் பிழைக்க ஊரே இருந்தது. இங்கே ஓடுவதற்கு எட்டடி.

விடிகாலையில் புள்ளியின் கத்தல் கேட்டுத்தான் எழுந்தேன். கருப்பி அவள்மேல் நின்றுகொண்டிருந்தாள். கொண்டை கிழிந்து, கழுத்து இறகு நனைந்து, புள்ளி தலையை மூலையில் சொருகிக்கொண்டு கிடந்தாள். செவலை மைனாவோடு நெஞ்சுக்கு நெஞ்சு மோதிக்கொண்டிருந்தாள். கெழவி ஏறி உட்காரும் கழிக்குக் கீழே, எச்சத்துக்குள் அசையாமல் நின்றாள்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம். வீட்டுக்கு வந்தவர்களை என் வீட்டு ஆள் அடித்துவிட்ட மாதிரி. அத்தை புள்ளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மஞ்சளைக் குழைத்துக் கொண்டை முழுக்கப் பூசினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு நான் செய்ததை, என் இடத்தில் இருந்தால் நீங்களும் செய்திருப்பீர்கள். அடிபட்ட புள்ளியை எடுத்து வந்து, அடுப்படியை ஒட்டிய வராந்தாவில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து உள்ளே வைத்தேன். சோறு, தண்ணீர், கொஞ்சம் கீரை. ஐந்து நாளில் கொண்டை காய்ந்தது. தெம்பாகக் கொக்கரிக்கவும் ஆரம்பித்தாள். ஆறாம் நாள் கொண்டுபோய் அடைப்புக்குள் விட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கருப்பி கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நேராக வந்தாள். இந்த முறை ஜூலியும் சேர்ந்துகொண்டாள்.

மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் மஞ்சள், மறுபடியும் பஞ்சாரம்.

அதற்குள் மற்ற இருவரும் ஒருமாதிரி நிலைபெற்றுவிட்டார்கள். செவலை மூன்று நாள் சண்டை போட்டு மைனாவையும் சாம்பலையும் ஒதுங்க வைத்துவிட்டாள். கெழவி சண்டைக்கே போகவில்லை. யார் வந்தாலும் தலையைத் தாழ்த்தி விலகிப்போய், எல்லாரும் தின்று முடித்தபின் மிச்சத்தைப் பொறுக்கினாள். புள்ளிக்கு மட்டும்தான் இடமில்லை. "புள்ளி என்னம்மா தப்பு பண்ணுச்சு?" என்று மகள் கேட்டாள். அவள் அதிர்ஷ்டம் அப்படி என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

உண்மையில் தப்பு செய்தது நான்.

கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற வரிசை. இதை முதன்முதலில் ஒழுங்காக எழுதிவைத்தவர் நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே. சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்தவர். அந்தக் கவனிப்பை 1922-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஆபீஸ்களிலும் அரசியலிலும் யார் மேலே, யார் கீழே என்று பேசும்போது ஆங்கிலத்தில் சொல்லும் 'பெக்கிங் ஆர்டர்' என்ற சொல்லே இந்தக் கோழிக் கொத்திலிருந்து வந்ததுதான்.

வரிசை என்றதும் நான் ஸ்கூல் பிரேயர் வரிசை மாதிரி நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் தனித்தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு அது. என் தொழில் கணக்கு என்பதால் கரும்பலகைக் கணக்காகவே யோசித்தேன். நாலு கோழி என்றால் 6 ஜோடி. அந்த 6-ம் குஞ்சுப் பருவத்திலேயே விளையாட்டுபோலத் தீர்ந்துவிட்டது, அதனால்தான் எனக்குச் சண்டையே கண்ணில் படவில்லை. ஏழு கோழி என்றால் 21 ஜோடி. பழைய நாலு பேருக்குள் 6, ஊரிலிருந்து வந்த மூன்று பேருக்குள் 3. அவை முன்பே முடிந்தவை. மீதி 12. அந்த ஒரே ராத்திரியில், எட்டுக்கு ஆறு அடிக்குள், முடியாத 12 கணக்குகளை நான் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுப் படுக்கப் போயிருக்கிறேன்.

ஒருமுறை தீர்ந்துவிட்டால் பிறகு பெரிய அடி கிடையாது. மேலே இருப்பவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், கீழே இருப்பவள் நகர்ந்துவிடுவாள். இந்த வரிசை ரத்தம் பார்ப்பதற்காக இல்லை, தினம் தினம் ரத்தம் பார்க்காமல் இருப்பதற்காகத்தான். ஆனால் தீர்வதற்கு இரண்டு பேரும் அங்கே இருக்க வேண்டும். நான்தான் புள்ளியை இருக்கவே விடவில்லையே. ஒவ்வொரு முறையும் எடுத்துவந்து, ஐந்தாறு நாள் கழித்துப் புது ஆளாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதுவும், கொண்டையையும் முகத்தையும் வைத்துத்தான் கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. நாங்கள் அந்தக் கொண்டையில்தான் மஞ்சளை அப்பி, ஆளே தெரியாமல் ஆக்கி விட்டோம்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலம் வீடு திரும்பும்போது அத்தை வராந்தாவில் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்பதுதான். டி.வி போட்டுக்கொள்ளச் சொன்னால், "இருக்கட்டும் தாயி" என்பார். நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் தட்டை எடுப்பார், அதையும் பின்வாசல் படியில் வைத்துச் சாப்பிடுவார். குழாயைத் திறப்பதற்குக்கூட, "கொஞ்சம் தண்ணி புடிச்சுக்கிறட்டுமா?" என்று கேட்பார். ஊரில் அவர் வீட்டில் நான் பார்த்த அத்தை இப்படி இல்லை. அங்கே அவர் ஒரு அதட்டல் போட்டால் மாடு முதற்கொண்டு எழுந்து நிற்கும்.

இரண்டாம் முறை புள்ளி அடிபட்டு வந்த வாரம், சனிக்கிழமை ராத்திரி, மகனிடம் அவர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "என்னையும் அதுகளையும் ஊர்லயே கொண்டுபோய் விட்ருப்பா. அதுகளுக்கு இந்த எடம் ஒத்துக்கல."

கணவர் ஏதோ சமாதானம் சொன்னார். நான் அடுப்படியில் நின்றபடியே முடிவெடுத்தேன், எப்படியாவது புள்ளியை அந்த அடைப்புக்குள் சேர்த்துவிட வேண்டும் என்று. புள்ளி சேர்ந்துவிட்டால் அத்தையும் இருந்துவிடுவார் என்று ஒரு கணக்கு.

மூன்றாவது முறையாக அவளை விட்டது ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரைக்கு விட்டேன். கருப்பி இரண்டு கொத்து கொத்திவிட்டுப் போய்விட்டாள். சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு ஸ்கூல் வேன் ஏறினேன். அத்தையும் அன்று பென்ஷன் மாற்றுகிற வேலையாக நாத்தனாருடன் வெளியே போயிருந்தார். சாயங்காலம் நாலே முக்காலுக்கு மகள்தான் முதலில் பின்பக்கம் போனாள். போனவள் கத்தவில்லை. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விவரமாக எழுத மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கோழிக்கு ரத்தச் சிவப்பு கண்ணில் பட்டால், கொத்து நிற்காது. முதலில் ஒருத்தி கொத்துவாள், பிறகு எல்லாரும் கொத்துவார்கள். சாதுவான சாம்பலின் அலகிலும் அன்று சிவப்பு இருந்தது. ஆறாவது இடத்துக்காரிக்கு ஏழாவது ஒருத்தி கிடைத்தால் அவளும் விடுவதில்லை.

அத்தை வந்து பார்த்தார். முருங்கை மரத்தடியில் அவரே குழி தோண்டினார். நான் மண்வெட்டியை வாங்கப் போனேன், தரவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

போனில் கணவர் கோபப்பட்டார். "அந்தக் கருப்பிய ஞாயித்துக்கெழம அறுத்துருவோம். வேற என்ன செய்யிறது?" எனக்கும் சரி என்றுதான் பட்டது. குற்றவுணர்ச்சிக்கு ஒரு வடிகால் வேண்டியிருந்தது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தைதான் முதன்முறையாகக் குறுக்கே பேசினார். "அத அறுத்தா அடுத்தது ஒண்ணு தலையெடுக்கும். எத்தனையத்தான் அறுப்ப? அவளப் புடிச்சுப் பஞ்சாரத்துல மூடணும்ப்பா. அடிக்கிறவளத்தான் மூடணும், அடி வாங்குனவள இல்ல."

நான் அவரைப் பார்த்தேன். "இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்த?"

"ஊர்ல அப்பிடித்தான தாயி செய்வோம். நாலஞ்சு நா கண்ணுல படாம மூடி வச்சம்னா கொட்டம் அடங்கிரும். திரும்ப விடயில அதுதான் புதுசு."

"பெறகு ஏன் அத்த சொல்லல?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது ஒன் கோழி. ஒனக்குப் பிரியமான கோழி. நா வந்து ரெண்டு நா ஆகல. எப்பிடிச் சொல்றது?"

அந்தப் பதிலுக்கு நான் தயாராக இல்லை. யோசித்துப் பார்த்தால், கருப்பியை வெளியே எடுக்கலாம் என்பது என் மூளையில் ஒருமுறைகூட உதிக்கவில்லை. அது அவளுடைய இடம், அவள் முட்டை இடுகிறவள், அவளை ஏன் நகர்த்த வேண்டும்? நகர வேண்டியவள் வந்தவள்தானே. இரக்கம் என்று நினைத்துக்கொண்டு மூன்று முறை நான் செய்தது அதுதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார். அத்தை சொன்னதையேதான் அவரும் சொன்னார், கூடவே சில கேள்விகள் கேட்டார். இடம் எவ்வளவு? தீனித் தட்டு எத்தனை? என்ன தீனி? உடம்பில் பேன், செள் இருக்கிறதா? வெளியே உலாவ ஒரு கோழிக்கு 10 சதுர அடியாவது வேண்டும் என்றார். எங்கள் அடைப்பு 48. நாலு கோழிக்கு ஆளுக்கு 12 என்று தாராளம், ஏழு கோழிக்கு 7-கூட இல்லை. தட்டு ஒன்றே ஒன்று. அதன் பக்கத்தில் கருப்பி நின்றுகொண்டால் அடுத்தவளுக்கு வழியில்லை. தீனியும் வெறும் அரிசிக் குருணையும் மிச்சச் சோறும்தான். புரதமும் உப்பும் குறைந்தால் கோழிகள் இறகைப் பிடுங்கித் தின்னப் பார்க்கும் என்று அவர் சொன்னபோது, ஜூலி அடிக்கடி சாம்பலின் வால் இறகைப் பிடுங்கியதும், அதை நான் வீடியோ எடுத்துச் சிரித்ததும் நினைவுக்கு வந்தது.

அலகை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். பெரிய பண்ணைகளில் செய்வார்கள், வீட்டில் ஏழு கோழிக்கு அது தேவையில்லை, இடத்தைச் சரிசெய்யுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை காதைப் பொத்திக்கொண்டார். "அலக வெட்டுனா அது எப்பிடித் திங்கும்!"

அன்று மத்தியானமே கருப்பியைப் பிடித்துப் பஞ்சாரத்துக்குள் போட்டோம். பிடித்தது நான். வீட்டின் முன்பக்கத்தில், மற்றவர்கள் கண்ணில் படாத இடம். முதல் நாள் கூரையை முட்டிக்கொண்டு கத்தினாள். இரண்டாம் நாள் என்னைப் பார்த்து முனகினாள். மனசு கேட்காமல் திறந்துவிடப் போனேன், அத்தை ஒரு அதட்டல் போட்டார். எங்கள் வீட்டில் அவர் போட்ட முதல் அதட்டல்.

அந்த ஒரு வாரத்தில் அடைப்பை மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை கணவரும் சேர்ந்து, பின்பக்கக் காலியிடம் முழுவதையும் சுற்றி வலை கட்டினோம். மூன்று மூலையில் மூன்று தட்டு, இரண்டு இடத்தில் தண்ணீர். உட்காரும் கழிகள் இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தோம். உயரமான கழி ஒன்றே ஒன்றாக இருந்தால், தினமும் அந்தியில் அதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். உடைந்த பானை, சாய்த்துவைத்த பலகை, காய்ந்த முருங்கைக் கிளைகள் என்று ஒளிந்துகொள்ள இடங்கள். மூலையில் மாட்டிக்கொள்ளாமல், இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறும்படி. கீரைக்கட்டை எட்டிக் கொத்துகிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். பொழுதுபோகாத கோழிதான் அடுத்தவள் இறகைப் பார்க்கும். தீனியில் கம்பு, சோளம், கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் கருவாட்டுத் தூள். அத்தை எங்கிருந்தோ கரையான் கொண்டுவந்தார். இந்த ஏரியாவில் கரையான் புற்று இருப்பதே எனக்குத் தெரியாது. காயம்பட்ட இடத்தில் மஞ்சளுக்குப் பதிலாக, டாக்டர் சொன்ன கத்தரிப்பூ நிற மருந்தைத் தொட்டுவைத்தோம். சிவப்பை மறைத்துவிடும், அதைக் கொத்த மற்றதுக்கு ஆசை வராது.

மகள் ஒரு நோட்டுப் போட்டாள். கட்டம் கட்டி, யார் யாரைக் கொத்தினார்கள் என்று தினம் சாயங்காலம் அரை மணி நேரம். செவலை மேலே வந்துவிட்டாள். அவளுக்குக் கீழே ஒரு விசித்திரம்: மைனா ஜூலியைக் கொத்துகிறாள், ஜூலி சாம்பலைக் கொத்துகிறாள், சாம்பல் மைனாவைக் கொத்துகிறாள். மகள் தப்பாக எழுதிவிட்டாள் என்று நினைத்து நானும் போய் நின்று பார்த்தேன். சரிதான். நார்வேக்காரரும் இப்படி முக்கோணங்களைக் கண்டு எழுதியிருக்கிறார் என்று பிறகு படித்தபோது அவளுக்கு ஒரே பெருமை.

ஏழாம் நாள் ராத்திரி, எல்லாரும் அடைந்தபின் இருட்டில் கருப்பியைக் கொண்டுபோய்க் கழியில் உட்காரவைத்தோம். விடியும் முன்பே நானும் அத்தையும் அடைப்புக்கு வெளியே ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். கருப்பி இறங்கியதும் நேராகப் பழைய தட்டுக்குப் போனாள். அங்கே செவலை நின்றாள். இரண்டு பேரும் கழுத்தைச் சிலிர்த்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் எழுந்துவிட்டேன். அத்தை என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். "ரத்தம் வராத மட்டும் போகாத."

மூன்று முறை மோதினார்கள். நாலாவது முறை கருப்பி தலையைத் திருப்பிக்கொண்டு இரண்டாவது தட்டுக்குப் போனாள். அவ்வளவுதான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். கருப்பி ஐந்து வாரம் முட்டையே இடவில்லை. இறகு உதிர்ந்து பார்க்கவே பரிதாபமாக ஆனாள். கெழவியை இன்றைக்கும் எல்லாரும் கொத்துகிறார்கள். அவளுக்கு மட்டும் சாயங்காலம் அத்தை தனியாகக் கையில் வைத்து ஊட்டுகிறார். சண்டையே இல்லாத கோழிக்கூட்டம் என்று ஒன்று இல்லை என்பதை ஒத்துக்கொள்ள எனக்குத்தான் நாளாயிற்று. இப்போதும் ஒரு கத்தல் கேட்டால் எழுந்து ஓடுகிறேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பெரும்பாலும் முட்டை இட்ட கத்தலாக இருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு முறை புதுக் கோழிகள் வந்திருக்கின்றன. இரண்டு முறையும் முழு அதிகாரம் அத்தை கையில். ஒற்றைக் கோழியாக வாங்கவே கூடாது, குறைந்தது இரண்டு. முதலில் சில வாரம் நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க முன்பக்கம் தனியாக. பிறகு வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு வாரம். முகம் பார்க்கலாம், அலகு படக்கூடாது. அதற்கப்புறம்தான் ஒரு ராத்திரியில் சேர்த்துவிடுவது. பக்கத்து வீட்டு அக்கா, சிரித்தாரே அவரேதான், இப்போது நாலு கோழி வளர்க்கிறார். வாரத்துக்கு ஒருமுறை மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அம்மா, இங்க ஒண்ணு கொத்துதும்மா, வந்து பாருங்களேன்" என்று அத்தையைக் கூப்பிடுவார். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போவார். போனால் வர ஒரு மணி நேரம்.

இந்த வருஷம் வைகாசியில், மாமனாரின் வருஷத் திதிக்கு ஊருக்குப் போனவர் பத்து நாள் தங்கிவிட்டார். வீட்டைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், அங்கேயே இருந்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். போனில் கேட்கவும் தயக்கம். பதினோராம் நாள் மத்தியானம் நத்தம் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு மூட்டை கம்போடு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராகப் பின்பக்கம் போனார். கெழவி இருக்கிறாளா என்று முதலில் பார்த்தார். இருந்தாள். பிறகு அடைப்பை ஒரு சுற்று சுற்றி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"தட்ட யாரு இங்க மாத்தி வச்சது? வெயில் நேரா அடிக்குதுல்ல. தூக்கி அங்கிட்டு வை தாயி."

நான் தூக்கி அங்கிட்டு வைத்தேன்.